அழற்சியும் எலிக்காய்ச்சலும்: சொல்லும் பொருளும்

காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவக்கின்றது, வீங்குகின்றது, தொட்டால் சுடுகின்றது, வலிக்கின்றது. இந்நான்கு குறிகளையும் ஒருங்கு தொகுத்துக் கூறியவர் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியராகிய செல்சசு என்பவர். அந்நிலைக்கு இலத்தீன மொழியில் அமைந்த பெயர் தீப்பற்றுதல் என்னும் பொருளுடையது; ஆங்கிலம் முதலிய மொழிகள் அதனையே மேற்கொண்டன. தமிழில் இன்று வழங்கும் அழற்சி என்னும் சொல்லும் அழல் என்னும் அடியிற் பிறந்ததே. இது பிறமொழிச் சொல்லைப் பார்த்து எழுந்த ஆக்கம் எனச் சிலர் கருதலாம். அவ்வாறே கொள்ளினும் குறையில்லை. மொழிபெயர்ப்பாளர் வருவதற்கு முன்னரே தமிழ் மக்கள் புண்ணைப் பற்றிப் பேசுங்கால் தீயைப் பற்றிய சொற்களையே ஆண்டு வந்துள்ளனர். எரிச்சல், காந்தல், கொதிப்பு என்பன எல்லாம் அடுப்பங்கரைக்கும் புண்ணுக்கும் பொதுவான சொற்கள். காய்ச்சல் என்பதோ காய்தல் என்னும் வினையின் வழிவந்தது. ஓரிடத்து எழும் சூடு அழற்சி. உடல் முழுதும் பரவும் சூடு காய்ச்சல். இவ்விரண்டையும் நம் மொழி வெப்பத்தின் பெயராலேயே வழங்கியது தற்செயலோ, அன்றிப் பொருள் நோக்கியதோ என்பது ஆராயத்தக்கது. இக்கால உயிரியல் இதற்கு விடை வைத்துள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இலக்கியம் கற்பிக்கும் எமக்கு இப்பொருளில் ஈடுபாடு வந்த வரலாற்றை முன்னரே கூறிவிடுதல் நன்று. எம் ஊர் நன்னிலம் வட்டத்தில் முடிகொண்டான் ஆற்றுப் பாய்ச்சலில் உள்ளது. எம் தாய்மாமன் தம் நிலத்தைத் தாமே சேற்றில் இறங்கிப் பயிரிட்டவர். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், தாளடி நடவு முடிந்த பத்து நாளில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் தசை தொடமுடியாதபடி வலித்தது. நடவு வேலையின் அலுப்பு என்றனர். கண் சிவந்தது, பீளை இல்லை, மழைக்காலத்துக் கண்ணோய் என்றனர். நான்காம் நாள் வீட்டுக்கு வந்த செவிலியர் ஒருவர், இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், குருதியை ஆய்ந்து பார்ப்போம் என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "எலி ஒண்ணும் என்னைக் கடிக்கலியேம்மா" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது. ஆறாம் நாள் கண்ணும் உடலும் மஞ்சளாயின. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனர். எட்டாம் நாள் சிறுநீர் நின்றது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் பதினோராம் நாள் மறைந்தார்.

அவர் கூறிய விடை எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. தமிழறிந்த ஒருவர் தமிழ்ச்சொல் ஒன்றை அதன் நேரிய பொருளில் விளங்கிக்கொண்டார். அவ்விளக்கமே அவருக்குக் கேடாயிற்று. எலிக்காய்ச்சல் என்னும் தொகைச்சொல்லை எலியால் வந்த காய்ச்சல் என்று விரிப்பார் எவரும் எலிக்கடியையே முதலில் நினைப்பர். எலிக்கடி நஞ்சு என்பது நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கும் வழக்கு. எனவே, கடிபடாதவர் தமக்கு அந்நோய் இல்லை என்று முடிவு கட்டுதல் இயல்பே. இச்சொல்லை ஆராயப் புகுந்த யாம், சொல் குறிக்கும் பொருளை அறியாமல் சொல்லை ஆராய்தல் இயலாது எனக் கண்டு, மருத்துவ நூல்களையும் அறிஞர் சிலரையும் நாடினோம். யாம் அறிந்தவற்றைத் தமிழ் மாணவர்க்கு விளங்குமாறு ஈண்டுத் தருகின்றோம்.

மீண்டும் முள்ளிற்கே வருவோம். 1882-ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த உருசிய அறிஞர் இலியா மெச்னிக்கோவ், கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் தோட்டத்து முள் ஒன்றைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் உருப்பெருக்கியின் வழியே நோக்கியபோது, நகரும் இயல்புடைய உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். உடலுக்குள் புகுந்த அயற்பொருளை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உண்டு என்னும் கொள்கை இதிலிருந்து பிறந்தது. இதற்காக 1908-இல் பால் எர்லிக் என்னும் செருமானிய அறிஞருடன் நோபல் பரிசு பெற்றார். அதுவரை அழற்சியை நோயின் தீங்கு என்றே பலரும் கருதி வந்தனர். அது நோயின் செயலன்று, உடலின் செயல் என்பது மெச்னிக்கோவின் கண்டுபிடிப்பு. நிலைமொழியின் திரிபை வருமொழியின் குற்றமாகக் கருதியிருந்த ஒருவர், அது புணர்ச்சியின் இயல்பு என உணர்ந்தாற்போல்வது இது.

ஆனால் ஒரு வினா எஞ்சி நின்றது. அவ்வணுக்கள் தன்னுடையது இது, அயலது இது என்று யாங்ஙனம் அறிகின்றன? கண்ணும் காதும் இல்லாத ஓர் அணுவுக்கு இவ்வறிவு எங்கிருந்து வந்தது?

இதனைத் தமிழ் மாணவர்க்கு விளக்க நம் இலக்கணமே துணை செய்கின்றது. மொழிக்கு முதலாகும் எழுத்துக்கள் இவை, ஆகாதன இவை எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். ட, ற, ல, ள முதலிய எழுத்துக்கள் தமிழ்ச்சொல்லுக்கு முதலாவதில்லை. ஆகவே, டகரத்தில் தொடங்கும் சொல் ஒன்றைக் கண்டவுடன், அதன் பொருள் தெரியாவிடினும், எம்மொழிச்சொல் என்று தெரியாவிடினும், அயற்சொல் என்று சொல்லிவிடலாம். அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை; முதலெழுத்து ஒன்றே போதும். நம் உடலிலும் இருவகை அறிவு உண்டு. பிறப்பிலேயே அமைந்த ஒன்று முதலெழுத்தைப் பார்த்து அயலாரை அறிகின்றது. மற்றொன்று ஒவ்வொரு பகையையும் தனித்தனியே கற்றுக் குறித்துக்கொள்ளும் அகராதி போன்றது. அது கற்று முடிக்கச் சில நாட்கள் ஆகும். அந்நாட்களில் உடலைக் காப்பது முதலெழுத்தறிவே.

பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களுள் ஒரு பெரும்பகுதி, கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒருவகை மூலக்கூற்றைத் தம் புறப்போர்வையில் கொண்டுள்ளது. நம் உடலின் எந்த அணுவும் அதனைச் செய்வதில்லை. ஆகவே அதுவே மொழிமுதலாகா எழுத்து. 1892-இல் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்த இரிச்சர்டு பைஃபர், இறந்த கிருமியினுள்ளும் வெப்பத்தால் அழியாத நஞ்சு ஒன்று இருப்பதைக் கண்டு அதனை உள்நஞ்சு என்றார். பிற்காலத்தார் அது மேற்கூறிய போர்வைப் பொருளே எனத் தெளிந்தனர். உண்மையில் அது தானே நஞ்சன்று. அதனைக் கண்ட உடல் கொள்ளும் கலக்கமே நஞ்சாகின்றது. தன்னார்வத்தோடு ஆய்வுக்கு உடன்பட்ட நலமுடையார்க்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை இதனைச் செலுத்தினாலே குளிரும் காய்ச்சலும் தோன்றும். அத்துணைக் கூர்மையான காவல் நம்முள் உளது.

அக்காவலைச் செய்யும் வாயில் எது? 1989-இல் அமெரிக்க அறிஞர் சார்லசு சேன்வே, நுண்ணுயிர்க்குப் பொதுவான வடிவங்களை அறியும் ஏற்பிகள் இருத்தல் வேண்டும் என்று கருதலளவையால் கூறினார். அவ்வேற்பி பழ ஈயிடமிருந்து வெளிப்பட்டது வியப்பு. 1985-இல் செருமனியில் கிறிசுடியானே நுசுலைன்-போல்கார்டு, பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராயும்போது ஒரு மரபுக்கூறு பழுதுபட்டால் கரு உருத்திரிதல் கண்டு, செருமானிய மொழியில் வியப்பையும் பித்தையும் குறிக்கும் டோல் என்னும் சொல்லைக் கூறினார். அதுவே பெயராக நின்றுவிட்டது. 1996-இல் பிரான்சு நாட்டு சூல்சு ஆஃப்மன் குழுவினர், அதே டோல் பழுதுபட்ட ஈ பூஞ்சைத் தொற்றால் மடிதலைக் காட்டினர். 1997-இல் சேன்வேயும் மெட்சிட்டோவும் மனிதரிடத்தும் அதன் இனத்தைக் கண்டனர். 1998-இல் புரூசு பாய்ட்லர் குழுவினர், உள்நஞ்சுக்குச் சிறிதும் அசையாத ஒருவகைச் சுண்டெலிக் குடியை ஆராய்ந்து, அதனிடம் டோல் இன ஏற்பிகளுள் நான்காம் எண் பெற்றது பழுதுபட்டிருத்தலைக் கண்டனர். பாய்ட்லரும் ஆஃப்மனும் 2011-இல் நோபல் பரிசு பெற்றனர். (டோல் என்னும் இச்சொல்லே டகரத்தில் தொடங்குவதாயிற்று. மரபு பிழையாமல் தோல் என்று எழுதலாமே என்பார்க்கு ஒன்று கூறுவோம்: உடலைப் பற்றிய நூலில் அவ்வாறு எழுதினால் படிப்போர் உடலின் மேற்றோலைத் தேடுவர். இவ்விடத்து மரபு சற்று வழிவிடுதலே அறிவுடைமை.)

ஏற்பி கிருமியைத் தொட்டபின் அணுவினுள் நிகழ்வது ஓலை கைம்மாறிச் செல்லுதல் போன்றது. ஏற்பியின் உட்பக்கத்தில் சில புரதங்கள் வந்து கூடுகின்றன, அவை வேறு சில நொதியங்களைத் தூண்டுகின்றன, இறுதியில் என்.எஃப்.-காப்பா-பி என்னும் புரதத்தை எட்டுகின்றன. இப்புரதம் எப்போதும் அணுவினுள் ஆயத்தமாகவே உளது. ஆயின், மற்றொரு புரதம் அதனைப் பற்றிப் பிடித்து நிறுத்தியிருக்கும். செய்தி வந்தவுடன் பிடித்திருந்த புரதம் சிதைக்கப்படுகின்றது; விடுபட்டது அணுவின் கருவுட் சென்று நூற்றுக்கணக்கான மரபுக்கூறுகளை எழுப்புகின்றது. புதிதாக ஒன்றைச் செய்து தொடங்குவதாயின் காலம் பிடிக்கும். கட்டி வைத்ததை அவிழ்த்து விடுதற்குச் சில மணித்துளிகளே போதும். 1986-இல் இரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் ஆகிய இருவரும் இதனைக் கண்டபோது, பி-அணு என்னும் ஒருவகை வெள்ளணுவிற்கே உரியது எனக் கருதி அதற்கேற்பப் பெயரிட்டனர். பிறகு ஏறத்தாழ எல்லா அணுக்களிலும் அது காணப்பட்டது. பெயர் மாறவில்லை. இடுகுறியாய் நின்றுவிட்ட காரணப்பெயர்கள் தமிழில் மட்டும் உள்ளன என்று நினைத்தல் வேண்டா.

எழுப்பப்பட்ட மரபுக்கூறுகள் தூதுப் பொருள்களைச் செய்து வெளியே விடுகின்றன. இவற்றைச் சைட்டோகைன் என்பர். கிரேக்கத்தில் அணு, இயக்கம் என்னும் இருசொற் கூட்டு அது. 1974-இல் வழக்கிற்கு வந்தது. இவற்றுள் இன்டர்லூக்கின் எனப்படுவன வெள்ளணுக்களிடையே செல்லும் தூது என்னும் பொருளில் 1979-இல் பெயர் பெற்றவை. ஒன்று, ஆறு, எட்டு என எண்ணால் வழங்குவர். கட்டியழி காரணி என்பது இன்னொன்று. கட்டியை அழிக்கும் எனக் கண்டு இட்ட பெயர், அதன் பெருந்தொழில் அழற்சியை மூட்டுவது எனத் தெரிந்த பின்னும் அப்படியே நின்றது.

இத்தூது செய்வதை விளக்க எம் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. நன்னிலத்துச் சிவன் கோயில் மதுவனேசுவரர் கோயில் எனப்படும். சுந்தரர் பாடல் பெற்றது. தேவர்கள் தேனீ வடிவெடுத்து வழிபட்ட இடம் என்பது தலவரலாறு. தேனீக் கூட்டைக் கலைத்தவர் அறிவர்: முதலில் ஓர் ஈ கொட்டும், அது கொட்டுமிடத்தில் ஒருவகை மணத்தை விடும், அம்மணம் அறிந்து கூட்டிலுள்ளவை எல்லாம் அவ்விடத்தை நோக்கியே பாயும். கொட்டிய தேனீ பிழைப்பதில்லை. தோலின் கீழ்க் காவலிருக்கும் பெருவிழுங்கி அணு முதல் தேனீ, சைட்டோகைன் அம்மணம். அதனை அறிந்த குருதிக் குழாய்கள் விரிகின்றன. ஆதலின் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரின் இணைப்புக்கள் நெகிழ நீர் கசிகின்றது, ஆதலின் வீக்கம். நரம்பு முனைகள் கூர்மை பெறுகின்றன, ஆதலின் வலி. செல்சசு கண்ட நான்கிற்கும் இவையே காரணம். குருதியோடு விரைந்து செல்லும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள், அவ்விடத்துக் குழாயின் உட்சுவரில் ஒட்டி, உருண்டு, நின்று, இடைவெளி வழியே நுழைந்து வெளியேறுகின்றன. நம் எலும்பு மச்சை நாள்தோறும் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றை ஆக்குகின்றது. கிருமியை விழுங்கியபின் இவை நெடுநேரம் உயிர் வாழ்வதில்லை. சீழ் என்று நாம் அருவருப்பது பெரும்பாலும் கடமை முடித்து மடிந்த இவ்வணுக்களின் உடல்களே.

காலிற் புண்ணிருக்கத் தொடையிடுக்கில் நெறிகட்டுதல் ஏன் என்பதும் இங்கு விளங்கும். புண்ணிடத்துக் கிருமியின் துணுக்குகளைக் கிளையணுக்கள் எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவிற்குச் செல்கின்றன. அகராதி எழுதும் பணி அங்கேதான் தொடங்குகின்றது. இவ்வணுக்களை 1973-இல் கண்ட இரால்பு இசுட்டைன்மன், 2011 நோபல் பரிசின் மூன்றாம் உரிமையாளர்; அறிவிப்புக்கு மூன்று நாள் முன் இறந்துபட்டார். நெறிகட்டுதல் என்னும் நாட்டுச்சொல்லை நம் கலைச்சொல் ஆக்குநர் ஏன் கைவிட்டனர் என்பது எமக்குப் புலப்படவில்லை. காலுக்கும் கணுவுக்கும் உள்ள தொடர்பை இதனைப் பேசிய பாட்டிமார் நன்கறிந்திருந்தனர்.

இனி முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை காண்போம். இன்டர்லூக்கின் ஒன்றும் ஆறும், கட்டியழி காரணியும் ஆகிய இத்தூதுகள் புண்ணிடத்தில் நின்றுவிடாமல் குருதியில் ஏறி மூளையின் அடிப்பகுதியை எட்டுங்கால், அங்குப் புரோசுட்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கின்றது. அதுவே காய்ச்சல். ஒரே தூது ஓரிடத்தில் நின்றால் அழற்சி, உடலெங்கும் ஓடினால் காய்ச்சல். இரண்டையும் வெப்பச் சொற்களால் வழங்கிய தமிழ்வழக்குப் பொருளோடு ஒத்து நிற்கின்றது. முன்னோர் இதனையெல்லாம் அறிந்தே பெயரிட்டனர் என்று யாம் சொல்லோம். அவ்வாறு பெருமை பேசுவது ஆராய்ச்சியன்று. கையால் தொட்டு அறிந்ததை அவர் உள்ளவாறு சொன்னார் என்பதே பொருந்தும்.

மூட்டிய தீயை அவிக்கவும் உடல் அறியும். என்.எஃப்.-காப்பா-பி எழுப்பும் மரபுக்கூறுகளுள் ஒன்று, அதனையே பிடித்துக் கட்டும் புரதத்தை மீண்டும் செய்வது. இன்டர்லூக்கின் பத்து தூண்டுதலைத் தணிக்கும். பெருவிழுங்கிகள் மடிந்த நியூட்ரோஃபில்களை விழுங்கித் துப்புரவு செய்யும். மூட்டுதல், அவித்தல் இரண்டும் தத்தம் காலத்தில் நிகழ்தலே நலம்.

இனி எலிக்காய்ச்சல். இதனை 1886-இல் அடோல்ஃப் வைல் என்னும் செருமானிய மருத்துவர் தனிநோயாக விரித்துரைத்தார். நியூ ஆர்லியன்சு நகரில் மஞ்சட் காய்ச்சலால் இறந்தார் எனக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தில் சுருள்வடிவக் கிருமிகளைக் கண்ட இசுடிம்சன், அவற்றின் நுனி கொக்கிபோல் வளைந்து வினாக்குறியை ஒத்திருத்தலால் 1907-இல் வினவுவது என்னும் பொருள்படப் பெயரிட்டார். அதுவே நோய்க்காரணம் என்பதை 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சப்பானிய அறிஞர் இனடாவும் இடோவும் நிறுவினர். இன்று லெப்டோசுபைரா என வழங்கும் இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் வாழ்கின்றது. மாடு, நாய், பன்றி இவற்றிலும் வாழும். சிறுநீரோடு வெளிவந்து ஈரமண்ணிலும் தேங்குநீரிலும் வாரக்கணக்கில் உயிர் தரித்திருக்கும். வெடித்த தோலின் வழியும், கண், வாய் ஆகியவற்றின் மென்றோல் வழியும் மனிதருட் புகும்.

காவிரிப் படுகையின் உழவர்க்கு இதனின் பொருத்தமான வாயில் வேறு வேண்டுமோ? வரப்பெல்லாம் எலிவளை, தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கிற் பொறி பிறந்ததே இவ்வெலிகளுக்காக. நாள் முழுதும் சேற்றில் நிற்பார்க்கு விரலிடுக்குகள் வெளுத்து வெடித்துச் சேற்றுப்புண் உண்டாகும். வடகிழக்குப் பருவமழையில் நீர் பெருகி வளைகள் மூழ்கும் காலமும், சம்பா தாளடிக்கு ஆட்கள் வயலில் இறங்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. புகுந்த கிருமி பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் நோயைக் காட்டும்.

எலி நோயுறாமல் இதனைச் சுமக்கின்றது, மனிதரோ மடிகின்றனர். ஏன்? லெப்டோசுபைராவும் மேற்கூறிய போர்வைப்பொருள் உடையதே. ஆனால் அதன் கொழுப்புப் பகுதி பிற கிருமிகளின் அமைப்பினின்றும் சிறிது வேறுபட்டது. 2001-இலும் 2005-இலும் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வுகள், சுண்டெலியின் நான்காம் டோல் ஏற்பி இதனை அறிந்துகொள்கின்றது, மனிதரின் ஏற்பி அறிந்துகொள்வதில்லை என்று காட்டின. பாய்ட்லர் ஆராய்ந்ததாக மேலே கூறினோமே, நான்காம் ஏற்பி பழுதுபட்ட அச்சுண்டெலிக் குடியின் குட்டிகள் இக்கிருமியால் இறந்துபடுகின்றன என்பதும் பிற ஆய்வுகளால் தெளிந்தது. சுண்டெலியிடம் கண்டதை வயலெலிக்கும் அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும் மனிதரின் காவல் எவ்விடத்தில் தளர்கின்றது என்பது இதனால் விளங்குகின்றது.

இலக்கண உவமையைத் தொடர்ந்து கூறுவோமாயின், இக்கிருமி தற்பவமாய் வந்த சொல் போன்றது. இரகரம் மொழிக்கு முதலாகாது. ஆயின் இகரமோ உகரமோ முன்னே பெற்று இராமன், உரோமம் என வருங்கால் வாயிற்காவலன் அதனைத் தடுப்பதில்லை. முழுதும் அறியாமை என்பதும் இல்லை. கிருமியின் வேறு சில புரதங்களை இரண்டாம் டோல் ஏற்பி அறிகின்றது. ஆனால் முதன்மையான மணி ஒலிக்காமையால் கிருமி குருதியிற் பெருகச் சில நாட்கள் வாய்க்கின்றன. புகுந்த இடம் சிவப்பதில்லை, வீங்குவதில்லை, சீழ் வைப்பதில்லை. உழவர் பார்த்து ஐயுறத்தக்க புண் எதுவும் அங்கில்லை. எம் மாமாவின் காலில் அழற்சி இன்றியே காய்ச்சல் வந்தது. ஊரார் அதனைக் காலோடு தொடர்புபடுத்தாமைக்கு இதுவே காரணம்.

காலந்தாழ்த்து மணி ஒலிக்கும்போது கிருமி ஈரல், சிறுநீரகம், நுரையீரல் எங்கும் பரவிவிட்டிருக்கும். அப்போது எழும் தூது ஓரிடத்துத் தூதாக இராது. கடுமையாக நோயுற்றாரின் குருதியில் இன்டர்லூக்கின் ஆறும், தணிக்க வேண்டிய பத்தும் ஒருங்கே மிகுந்து காணப்படுகின்றன. மூட்டுதலும் அவித்தலும் முறைபிறழ்ந்து ஒரே நேரத்தில் நிகழ்கின்றன என்பது இதன் பொருள். உடலெங்கும் குழாய்கள் கசிகின்றன, குருதியழுத்தம் தாழ்கின்றது, உறுப்புக்கள் செயலிழக்கின்றன. இந்நிலையைத் தமிழில் குருதி நஞ்சாதல் எனப் பலர் எழுதுகின்றனர். இது பொருந்தாத பெயர். 2016-இல் மருத்துவ உலகம் வகுத்துக்கொண்ட இலக்கணப்படி, தொற்றுக்கு உடல் ஆற்றும் எதிர்வினை நெறிகடந்து உறுப்புக்களைக் கெடுப்பதே இந்நிலை. குருதியில் எவரும் நஞ்சு கலக்கவில்லை. அழற்சி என்னும் சொல் நம்மிடம் இருக்க, பேரழற்சி எனின் யாது குறை?

நோய் எதிர்ப்பாற்றல் என்னும் சொல்லின்பாலும் எமக்கு மனக்குறை உண்டு. ஆற்றல் என்றவுடன் மிகுதோறும் நன்று என்னும் எண்ணம் எழுகின்றது. அதனைப் பெருக்குவதாகக் கூறும் பொடிகளும் பானங்களும் கடைதோறும் விற்பனையாகின்றன. ஆற்றல் குறைந்தும் மடியலாம், நெறிகடந்து மிகுந்தும் மடியலாம் என்பதனை அச்சொல் மறைத்துவிடுகின்றது.

இந்நோய் நம் மாவட்டத்திற்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் இதனால் நோயுறுகின்றனர், ஏறத்தாழ 59,000 பேர் இறக்கின்றனர் என 2015-இல் வெளிவந்த கணிப்பு ஒன்று கூறுகின்றது. இலங்கையில் 2008-இல் 7,000-க்கு மேற்பட்டோர் இந்நோய் உற்றதாக ஐயுறப்பட்டது; அங்கு நெல்வயலில் இறங்குவார்க்கு நோய்வரும் முன்னரே டாக்சிசைக்கிளின் மாத்திரை தரும் வழக்கம் உண்டு. 2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின், யாழ்ப்பாண மாவட்டத்தில் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது இன்னதென அறியாத காய்ச்சல் என்றே முதலில் பேசப்பட்டது. பின்னரே எலிக்காய்ச்சல் எனத் தெளிந்தது. அந்தமானிலும் 1980-களின் இறுதியிலிருந்து தீவின் பெயராலேயே வழங்கிய குருதிப்போக்குக் காய்ச்சல், 1990-களில் இந்நோயே என அறியப்பட்டது. தொடக்கத்திலேயே தந்தால் பென்சிலினும் டாக்சிசைக்கிளினும் இதனைத் தீர்க்க வல்லன. மருந்து அரிதன்று, விலையும் மிகுதியன்று. மருந்து தந்த சில மணி நேரத்தில் சிலர்க்குக் காய்ச்சல் ஏறுதலும் உண்டு. சிதைந்த கிருமியின் துணுக்குகளைக் கண்டு உடல் மீண்டும் அழல்கின்றது. மருந்து ஒவ்வவில்லை என்று உறவினர் அதனை நிறுத்திவிடலாகாது; மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

ஆக, இந்நோயில் உயிர் காப்பது பெரும்பாலும் முதற் சில நாட்களில் நிகழும் ஓர் உரையாடலே. மருத்துவர் வினவ வேண்டும். நோயாளி வயலில் இறங்கியதைக் கூற வேண்டும். அவ்வுரையாடலைப் பெயர் தடுக்குமாயின் பெயரைத் திருத்துதல் நம் போன்றோர் கடமை. எலி கடித்தலால் வரும் காய்ச்சல் வேறொரு நோய். அதற்குக் காரணமான கிருமிகளும் வேறு. பிறமொழியாளர் இதற்கு இட்ட பெயர்களை நோக்கினால் வழி புலப்படும். செருமானியர் சேற்றுக்காய்ச்சல் என்றும் வயற்காய்ச்சல் என்றும் பொருள்படும் சொற்களை ஆண்டனர். சப்பானிய நாட்டுப்புறத்தார் கூதிர்ப் பருவத்து நோய் என்றும், ஏழுநாட் காய்ச்சல் என்றும் வழங்கினர். இவை எல்லாம் நோயாளி எங்கே நின்றார், எப்போது நின்றார் என்று சொல்லும் பெயர்கள். நம் பெயரோ நோயாளி கண்ணாற் காணாத ஒரு விலங்கைச் சுட்டுகின்றது.

சேற்றுப்புண் என்னும் சொல் நம் உழவரிடை இன்றும் வழக்கில் உளது. அதன் வழியே சேற்றுக்காய்ச்சல் என வழங்கலாம் என்பது எம் கருத்து. இதனைச் சில அன்பர்களிடம் கூறியபோது, நகரத்து வெள்ளநீரில் நடந்து இந்நோய் உற்றவர்க்குச் சேறு ஏது எனக் கேட்டனர். தக்க தடையே. வெள்ளம் வடிந்த தெருவில் எஞ்சுவது சேறன்றி வேறன்று என விடை கூறினோம். அவர் முழுதும் உடன்பட்டிலர். அரசாங்க ஏடுகளில் வேரூன்றிவிட்ட பெயரை அடியோடு நீக்குதல் எளிதன்று என்பதையும் அறிவோம். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ஆக்கிய சொற்களிலும் நின்றவை சில, மறைந்தவை பல. ஆகவே பழைய பெயரை நீக்குமாறு யாம் வேண்டவில்லை. நடவுக் காலத்தில் ஊராட்சிப் பலகைகளில் ஒட்டப்பெறும் அறிவிப்புகளில், எலிக்காய்ச்சல் என்பதன் அருகே சேற்றுக்காய்ச்சல் என்னும் பெயரும், அதன் கீழே "எலி கடிக்க வேண்டுவதில்லை, சேற்றில் இறங்கியிருந்தாலே போதும்" என்னும் ஒரு வரியும் அச்சிடப்பெறுதல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.